கிரேன்காரர் கேமரா வாங்கிய கதையும் அதில் அக்கா போட்ட திருத்தங்களும்

1

இந்தக் கதை எனக்கு டக்ட் வழியாகக் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீட்டுச் சமையலறைகளுக்கும் நடுவே, குழாய்கள் இறங்க, டக்ட் என்று ஒரு பொந்து விட்டிருக்கிறார்கள். கட்டியவர் வரைபடத்தில் அதைக் காற்றோட்டத்துக்கு என்று காட்டியிருப்பார். என்னைப் பொறுத்தவரை அது வானொலி. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று சொல்லிவிடுவேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காது அந்தப் பக்கம் அமைந்துவிட்டால் நான் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது:

"நன்றி சொல்றதுக்கு அறுபது மடங்கு ஜூம் எதுக்குங்க? நாலு அடி கிட்டப் போனா போதாதா?"

குழாயை மூடினேன். தண்ணீரை மிச்சப்படுத்தத்தான்.

2

முதல் வரி என்று நான் எழுதிப் பார்த்தவை:

"வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு மனிதர் தன்னந்தனியாக..." (வேண்டாம். அவர் படித்தால் சிரிப்பார். அங்கே அவருக்குச் சுழல் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, சாப்பாட்டுக் கேரியர் மாட்ட ஆணிகூட இருக்கிறது.)

"கேமரா என்பது யாதெனில்..." (எனக்கே தூக்கம் வருகிறது.)

"அன்று காற்று பலமாக வீசிக்கொண்டி

(இதை நடுவிலேயே விட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். இரண்டு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருக்கும் பெரிய கட்டடத்தின் மேல் நிற்கிறதே மஞ்சள் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் அவர். மூன்று வருடமாகக் காலையில் ஏறுகிறார், சாயங்காலம் இறங்குகிறார். எழுபது மீட்டர் ஏணி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கட்டடத்தில் எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. பகல் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவர் ஆறிப்போன காப்பியைக் குறை சொல்ல வாயெடுத்தாலும் அதையேதான் சொல்வார்.

மூன்றாவது ஆள் கீழே நிற்பவர். கிரேன் ஓட்டுபவருக்கு மேலேயிருந்து எல்லாம் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். தெரியாதாம். சுவருக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம், பாரம் இறங்கும் இடமே பாதி நேரம் தெரியாது. அங்கே ஒருவர் நின்று கையால் சொல்வார்: தூக்கு, இறக்கு, வலது, மெதுவா, நில். சைகைக்காரர். வாக்கி-டாக்கியும் உண்டு, இரைச்சலில் அது கரகரக்கும், கை கரகரக்காது.

அந்தச் சைகைக்காரர் வரும் வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறார். இடுப்பு வலி. மகள் வீடு வேறு ஊரில். அன்று சாயங்காலமே பேருந்து. கிரேன்காரர் அவருக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். ஐந்து நாள்தான் இருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. அதனால் கேமரா வாங்கப் போகிறார்.

(இப்படிப்பட்ட ஆண்களை உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். விளக்கம் தேவையில்லை.)

3

எதற்கு நன்றி? இதைத்தான் அந்த ஞாயிறு காலை அக்காவிடம் அவர் முதல்முறையாகச் சொன்னார். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

அன்று காற்று பலமாக வீசவில்லை. அதனால்தான் அந்த வரியை விட்டேன். காற்று வீசியிருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பாரம், ஒரு கட்டுக் கம்பி. கிரேன்காரருக்குப் பசி, கை காட்டுவதற்கு ஒரு நொடி முன்பே பாரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். சைகைக்காரர், அடுக்கி வைத்த செங்கல்லுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டார். அங்கே பூச்சு வேலைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பிக் கட்டு அவர்கள் தலை உயரத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தது.

சைகைக்காரர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, வீசினார். உடனே நில் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சைகை அந்தத் தொழிலில் கிடையாது.

கிரேன்காரர் நிறுத்தினார். கட்டு ஓர் ஆட்டம் ஆடி, அவர்கள் தலைக்கு ஒரு முழம் மேலே போய்த் திரும்பி வந்தது. பூச்சு வேலைக்காரர்களில் ஒருவர், நிழல் விழுந்ததும், மழை வருமோ என்று நினைத்து, அண்ணாந்து பார்க்காமலேயே சாப்பாட்டு டப்பாவை மூடினார். அவ்வளவுதான். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அது சம்பவம் ஆகிவிடும், சம்பவம் தாளில் ஏறும், தாளில் ஏறினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். மறுநாள் காலை ஒருவர் ஏறினார், ஒருவர் கீழே நின்றார். கை தூக்கு என்றது, கிரேன் தூக்கியது.

"ரெண்டு வருஷமாவா இதை மனசுல வெச்சிருந்தீங்க?" என்றார் அக்கா.

"அந்தக் கை மட்டும் அன்னைக்கு ஒரு நொடி தாமதமாகியிருந்தா, நான் இப்ப இங்க நின்னு பாத்திரம் துடைச்சிட்டிருக்க மாட்டேம்மா."

டக்ட்டில் வெகுநேரம் ஒரே தட்டைத் துடைக்கும் சத்தம்.

4

ஆக, அவர் திட்டம் இது: அந்தக் கையைப் படம் எடுப்பது. மேலேயிருந்து, அவர் மூன்று வருடமாகப் பார்த்தபடியே. நீட்டிய இரண்டு கை. அதைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு சூப்பர் ஜூம் கேமரா வேண்டும். பிரிட்ஜ் கேமரா என்கிறார்கள். ஒரே உடம்பு, கழற்ற முடியாத லென்ஸ், எட்டாததை எட்டும்.

அக்காவின் கட்சி வேறு. வாங்குவதுதான் வாங்குகிறோம், டிஎஸ்எல்ஆர் வாங்குவோம். அந்த மனிதரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, முகத்தைப் படம் எடுப்போம். எடுக்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்வோம்.

சாயங்காலம் கேமராக் கடைக்குப் போனார்கள். நானும் போனேன். கடிகாரத்துக்கு பேட்டரி வாங்க வேண்டியிருந்தது.*

* அக்கா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு: "உன் வீட்டுக் கடிகாரம் சாவி குடுக்கறது."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டார்: "என்ன படம் எடுப்பீங்க சார்? விசேஷமா, பறவையா?"

"ஆளு."

"எவ்வளவு தூரத்துல?"

"எழுபது மீட்டர்."

"எந்தப் பக்கம்?"

"கீழ."

கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, இவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இது டிஎஸ்எல்ஆர். உள்ள ஒரு கண்ணாடி இருக்கு, அதுல பட்டு நிஜ வெளிச்சம் நேரா உங்க கண்ணுக்கு வரும். சாயங்கால வெளிச்சத்துலகூட படம் சுத்தமா இருக்கும். கூட வர்ற சின்ன லென்ஸ் வீட்டுக்குள்ள எடுக்க. தூரத்துக்கு நீட்டு லென்ஸ் தனியா மாட்டணும். சொன்னா பத்து நாள்ல வந்துடும்."

"பத்து நாளா?" வெள்ளிக்கிழமை அவர் முகத்தில் தெரிந்தது. "மாட்டறப்ப கை தவறினா?"

"கீழ விழும் சார்."

"கீழ ஆள் இருப்பாங்களே."

கிரேன்காரர் அடுத்து லென்ஸ் மூடியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குக் கயிறு கட்ட ஓட்டை எங்க?" என்றார். மேலே ஏறும் எதுவும் கட்டப்படாமல் ஏறக் கூடாது. பேனாவுக்கே கயிறு கட்டி வைத்திருப்பவர். இருபது வருடக் கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று கடைக்காரர் பெருமையாகவே சொன்னார்.

"இந்தா இது பிரிட்ஜ். கழட்ட ஒண்ணும் இல்ல. நிலாவுல இருக்கற பள்ளம் தெரியும். ஆனா ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன் சார், உள்ள சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். வெளிச்சம் கொறைஞ்சா படம் மணல் கொட்டின மாதிரி இருக்கும். முழு ஜூம்ல கை கொஞ்சம் ஆடினாலும் ஆள் டான்ஸ் ஆடுவாரு."

இதற்குள் அக்கா டிஎஸ்எல்ஆரை எடுத்துக் கணவரை நாலு அடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். கடை, அலமாரி, நான் எல்லாம் கரைந்து போய், அந்த மனிதர் முகம் மட்டும். புருவத்தில் இருந்த சிமெண்ட் தூசிகூடத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை இவ்வளவு நன்றாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பாருங்க. இப்படி அவரை எடுத்துக் குடுத்தா வேண்டாம்னா சொல்வாரு?"

கிரேன்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அவர் முகம் தெரியாதும்மா. கையைத்தான் தெரியும்."

நிஜம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைக்கவசமும் பச்சைச் சட்டையும் இல்லாமல் சைகைக்காரர் தேநீர்க் கடையில் பக்கத்தில் நின்றபோது, இவர் அவரிடமே "அண்ணே, இந்தக் கட்டடத்துல சைகை காட்டறவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் டம்ளரை வைத்துவிட்டு, கையைத் தூக்கி 'மெதுவா' என்று காட்டினாராம்.

அக்கா டிஎஸ்எல்ஆரை மேசையில் வைத்தார். "சரி. உங்க இஷ்டப்படி மேல இருந்தே எடுங்க. ஆனா ஒண்ணு. இறங்கி வந்து கையில குடுக்கணும். கயித்துல கட்டி இறக்கற வேலை வேண்டாம்."

பிரிட்ஜ் கேமரா வாங்கினார்கள். கேமரா எது என்பதுதான் கதை என்றால் இங்கேயே முடிந்துவிட்டது. அவசரக்காரர்கள் எழுந்து போகலாம்.

5

சைகைக்காரரை நான் பார்த்ததில்லை. ஆகவே அவரை உண்டாக்க வேண்டியிருந்தது. முதல் பிரதியில் நரைத்த மீசை வைத்தேன், குறைவாகப் பேசும் குணம் வைத்தேன், தூரத்தைப் பார்க்கும் கண்கள் வைத்தேன்.

அக்காவின் குறிப்பு, பென்சிலில்: "மீசை கிடையாது. வாய் ஓயாது. கண்ணாடி போடாம அவரால சாவித்துவாரத்தைக்கூடப் பார்க்க முடியாது. நீ சொல்ற ஆள் யாரு?"

எனக்கும் தெரியவில்லை. எங்கேயாவது பார்த்த காலண்டர் படமாக இருக்கும். மீசையை எடுத்துவிட்டேன். அந்த மனிதர் பேசுகிறவர் என்றதும் கதை எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. வாய் ஓயாத ஒருவர் இரண்டு வருடமாக ஒன்றை மட்டும் பேசாமல் இருந்திருக்கிறார் என்றால்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

6

திங்கட்கிழமை, காலைத் தேநீர் இடைவேளை. கொக்கி காலி, கிரேனின் மின்சாரத்தை அணைத்துப் பூட்டியாகிவிட்டது. (வேலை நேரத்தில் எடுக்கவில்லை என்று கட்டாயம் போடச் சொன்னார் அக்கா. போட்டுவிட்டேன்.) கேமராவின் வார் கழுத்தில், மூடி கயிற்றில். கீழே பார்த்து ஜூமை இழுத்தார். எறும்பாக இருந்தவர் வளர்ந்து வளர்ந்து கேமராத் திரை முழுக்க வந்து நின்றார். கையில் தேநீர். சட்டையில் ஒரு பொத்தான் நிறம் மாறியிருந்தது. மூன்று வருடத்தில் இது தெரியாது அவருக்கு.

வாக்கி-டாக்கியை அமுக்கினார்.

"அண்ணே, சும்மா ஒரு தடவை ரெண்டு கையையும் நீட்டுங்க."

"எதுக்குத் தம்பி?"

"சும்மாதான்."

"என்னத்தைத் தூக்கியிருக்கே?"

"ஒண்ணும் தூக்கல."

"தூக்காததை எப்படிப்பா நிறுத்தறது? வெய்யில்ல மண்டை காஞ்சு போச்சா உனக்கு? தண்ணி குடி."

"காட்டுங்கண்ணே, ஒரே ஒரு தடவை."

"சைகை என்ன விளையாட்டா?" என்றபடியே டம்ளரைச் சுவரில் வைத்து, கையைச் சட்டையில் துடைத்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, முறையாக, நீட்டி வீசினார்.

கிரேன்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தால், கை பாதி ஏறிய படம் ஒன்று. கை பாதி இறங்கிய படம் ஒன்று. நடுவில் இல்லை.

செவ்வாய். அதே கதை. புதன். அமுக்கிப் பிடித்தால் படபடவென்று தொடர்ந்து எடுக்கும் வசதி கேமராவில் இருக்கிறது, அதை வைத்தார். கை ஏறுகிறது, ஏறுகிறது, ஏறுகிறது, நின்றுவிட்டது. கை நிற்கவில்லை, கேமராதான். அன்றுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. சைகைக்காரர் கை நீண்ட அந்த நொடி, இவருடைய விரல் பொத்தானைவிட்டுத் தானாக எழுந்துவிடுகிறது. இரண்டு கையும் நாற்காலியின் இரண்டு பக்கமும் இருக்கும், கிரேனை ஓட்டும் கைப்பிடிகளுக்குப் போய், அவற்றை நடுவில், அதாவது நிறுத்தும் இடத்தில், பிடித்து நிற்கின்றன. கேமரா கழுத்தில் தொங்குகிறது. மின்சாரம் இல்லாத கிரேனை, ஒன்றும் தூக்காத கிரேனை, அவர் நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். "அமுக்கு, அமுக்கு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாராம். கை நீண்டது. விரல் எழுந்தது.*

* டைமர் வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் கேட்டேன். வைத்தாராம். கை நீண்டதும் இவர் கேமராவைக் கைவிட, பத்தாவது நொடியில் அது இவருடைய முழங்காலை மிகத் தெளிவாக எடுத்ததாம்.

7

வியாழன் சாயங்காலம் டக்ட்டில் கேட்டது.

"பதினேழு படம். ஒண்ணுகூடத் தேறல," என்றார் கிரேன்காரர். "நீ சொன்னதை வாங்கியிருக்கணும். கிட்டப் போய் முகத்தையாவது எடுத்திருக்கலாம். நாளைக்கு அவர் போயிடுவாரு."

அக்கா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கிற பழக்கம். கேமராவையே டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்:

"அவர் கை நீட்டினா நீங்க நின்னுடறீங்க. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு மனுஷனுக்கு என்ன செய்ய முடியும்? வராத படத்துலதான் உங்க நன்றி இருக்கு. எல்லாத்தையும் பிரிண்ட் போடுங்க."

அக்காவின் குறிப்பு: "நான் இவ்வளவெல்லாம் பேசல. 'எல்லாத்தையும் பிரிண்ட் போடுங்க'ன்னுதான் சொன்னேன். மிச்சம் உன் சொந்தச் சரக்கு."

ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் நான் சேர்த்தது. கதை எழுதுபவர்களுக்கு நல்ல ஆளைக் கண்டால் அவர் வாயில் நல்ல வசனம் திணிக்கத் தோன்றும். அக்காவுக்கு அந்த மூன்று வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கே ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அந்தப் பொந்து வழியாக எவ்வளவோ கேட்டிருக்கிறேன். மாமியார், மருமகள், வாடகை, மூட்டு வலி, யார் யாரை மதிக்கவில்லை என்பது. ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இரண்டு பேர் சண்டை போட்டு அதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து, எனக்குப் பெயர் தெரியாத அந்தப் பூச்சு வேலைக்காரர்கள் இரண்டு பேரையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இப்போதும் எங்கேயோ சுவர் பூசிக்கொண்டிருப்பார்கள். டப்பாவைத் திறப்பார்கள், மூடுவார்கள். நன்றாக இருக்கட்டும்.

8

வெள்ளிக்கிழமைக்கு நான் எழுதிய முடிவுகள்:

(அ) கடைசிப் பாரம் இறங்குகிறது. சைகைக்காரர் கடைசியாகக் கை நீட்டுகிறார். இந்த முறை விரல் அமுக்கிவிடுகிறது. படம் கிடைக்கிறது.

இதை அடித்துவிட்டேன். அந்த விரல் ஒரு நாள் எழ மறந்தால் எனக்கு அந்தக் கட்டடத்தின் கீழே நடக்கப் பயமாக இருக்கும்.

(ஆ) கிரேன்காரர் படங்களைக் கொடுக்காமலே இருந்துவிடுகிறார். பேருந்து போகிறது. அவர் மேலேயிருந்து, ஜூமை இழுத்து, பேருந்தின் ஜன்னலை...

இதையும் அடித்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

நடந்தது எனக்குத் தெரிந்தவரை இது. ஐந்து மணிக்கு, கட்டடத்தின் வாசலில், தகர வேலிப் பக்கம். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய்விட்டார், கணவரை நம்பவில்லை. கிரேன்காரர் ஏணியில் இறங்கி வந்தார். சைகைக்காரர் பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காவலாளியிடம் மகள் வீட்டில் தனக்குத் தரப்போகும் அறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கிரேன்காரர் உறையை நீட்டினார்.

"என்னப்பா இது? அட, நானா? ஏம்பா, அந்தக் கூத்து இதுக்குத்தானா? சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேனே!" மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாம் எடுத்த வரிசையில். கை ஏறுகிறது, கை இறங்குகிறது. கை ஏறுகிறது, கை இறங்குகிறது. படங்களில் கொஞ்சம் மணல் கொட்டியிருந்தது உண்மைதான். அவர் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே தள்ளியவர், பேச்சு மெல்லக் குறைந்து, பதினோராவது படத்தில் நின்றார். பன்னிரண்டாவதைப் பார்த்தார். மறுபடி பதினொன்றுக்கு வந்தார். ஆயுள் முழுக்கக் கை நீட்டிய மனிதர். எந்த இடத்தில் என்ன இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

"நடுவுல ஒண்ணு காணோமே, தம்பி?"

இந்த இடத்தில் அக்கா திரும்பி நடந்துவிட்டார்! "ஏங்க்கா? அப்பப் போயா?" என்று நான் பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். "படம் எடுக்கறப்ப நான் எப்பவும் ரூமுக்கு வெளியிலதான் நிப்பேன். தெரிஞ்சுக்க," என்றார். காவலாளியைக் கேட்டேன், அவர் லாரிக்குக் கதவு திறக்கப் போய்விட்டாராம். கிரேன்காரரையே படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். "சொன்னேங்க," என்றார். என்ன சொன்னீர்கள்? சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். டக்ட்டில் காது வைத்துப் பார்த்தேன். அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள்.

ஆகவே எனக்குத் தெரியாது. இட்டுக்கட்டலாம், நாலு விதமாக எழுதியும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் அக்கா பென்சிலால் அடித்துவிட்டார். எது சரி என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஒரு மனிதர் இரண்டு வருடம் சுமந்து, எழுபது மீட்டர் ஏணியில் இறக்கிக்கொண்டு வந்த வார்த்தையை நான் குத்துமதிப்பாக எழுதக் கூடாது போலிருக்கிறது.

நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கும் யாராவது கை நீட்டியிருப்பார்கள்; அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே போட்டால் சரியாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். ரொம்ப யோசிக்காதீர்கள்: சைகைக்காரர் பதினோராவது படத்தைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்கு மேலாகக் கிரேன்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆறு மணிக்குப் பேருந்து.

"அண்ணே,